பட்டறை ஓட்டியது யார்?

என் அப்பா கணக்கு வாத்தியார். ஆள் இல்லாத அறையில் ட்யூப் லைட் எரிந்தால், வகுப்பில் பேசுகிற பையனைப் பார்க்கிற மாதிரி அதைப் பார்ப்பார். அந்த மனிதர் பெயருக்கு 2024 ஆடியில் மின் அலுவலகத்திலிருந்து பதிவுத் தபாலில் ஒரு தற்காலிக உத்தரவு வந்தது. வீட்டு உபயோகத்துக்கென்று வாங்கிய மின் இணைப்பில் அவர் வெள்ளிப் பட்டறை நடத்துகிறாராம். அதற்கு ஒரு வருடத்துக்கு வணிகக் கட்டணத்தின் இரண்டு மடங்கு போட்டு, ஏற்கெனவே கட்டியதைக் கழித்தது போக 43,000 ரூபாய் சொச்சம் கட்டச் சொல்லியிருந்தார்கள்.

பட்டறை நடப்பது உண்மை. நடப்பது எங்கள் பழைய வீட்டில். அந்த வீட்டை நாங்கள் 2019இல் விற்றுவிட்டோம்.

வீடு செவ்வாய்ப்பேட்டைக்கும் குகைக்கும் நடுவில் ஏதோ ஒரு சந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான தெருவைச் சொன்னால் அங்கே இருப்பவர்களுக்குச் சங்கடம். சேலத்துக்காரர்களுக்கு அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. முன்னறையில் பட்டறை, பின்னறையில் குடும்பம். வியாபாரி வெள்ளியை நிறுத்துக் கொடுப்பார், பட்டறைக்காரர் கொலுசாக நிறுத்துக் கொடுப்பார், நடுவில் சேதாரமும் கூலியும். என் சின்ன வயதில் சத்தம் என்றால் சுத்தியல் சத்தம்தான். இப்போது கம்பி இழுக்க மெஷின், பாலீஷ் போட மோட்டார். ஆகவே மீட்டர் ஓடத்தான் செய்யும்.

வீட்டை வாங்கியவர் எனக்கு இளையவர். அப்பாவை வாத்தியாரய்யா என்றும் என்னை அக்கா என்றும் கூப்பிடுவார். பத்திரம் பதிந்த அன்றே அப்பா மின் இணைப்புப் பெயர் மாற்றத்துக்கான சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, பழைய வெள்ளை மீட்டர் அட்டையோடு சேர்த்து அவர் கையில் கொடுத்தார். அவர் அதை பீரோவில் வைத்தார். ஐந்து வருடம் அது பீரோவிலேயே இருந்தது. சோம்பல் ஒரு காரணம். இன்னொன்றையும் அவரே பிற்பாடு சொன்னார்: "பேர் மாத்தப் போனா ஆள் வந்து பாப்பாங்க, பட்டறைய பாத்தா கேள்வி வரும்னு விட்டுட்டங்க்கா." நேர்மையான பதில்தான், கேட்க எரிச்சலாக இருந்தாலும்.

2023 ஜூலையில் பெயர் மாற்றத்துக்கென்றே ஒரு மாதம் சிறப்பு முகாம் நடந்தது. அப்போதும் அவர் போகவில்லை.

கடிதம் எங்கள் இப்போதைய அழகாபுரம் வீட்டு முகவரிக்கு எப்படி வந்தது என்பதுதான் முதல் புதிர். விசாரித்தால் விஷயம் எளிது. இந்த வீட்டு இணைப்பும் அப்பா பெயரில்தான். அதே பெயர், அதே தகப்பனார் பெயர் என்று பார்த்து யாரோ இரண்டையும் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். தேடிக் கண்டுபிடித்த அந்தச் சுறுசுறுப்பைப் பாராட்டத்தான் வேண்டும். ஒருவர் இரண்டு இடத்தில் குடியிருக்க முடியுமா என்று மட்டும் அந்தச் சுறுசுறுப்பு கேட்கவில்லை.

அப்பாவுக்குப் பணம் பெரிய கவலையாக இல்லை. "திருட்டுன்னு போட்டிருக்காங்களா கண்ணு?" என்று கேட்டார். அதை இரண்டு மூன்று முறை கேட்டார். இல்லை என்று சொல்வதற்கு முன் நானே நோட்டீஸை ஒருமுறை சரியாகப் படித்துப் பார்த்தேன்.

நான் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறவள். எந்த நோட்டீஸ் வந்தாலும் தொகையைப் பார்க்காமல் பிரிவு எண்ணைப் பார்க்கிற பழக்கம் அங்கே வந்தது. இதில் இருந்தது மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126. திருட்டுக்கு உள்ளது பிரிவு 135. அது கிரிமினல் விவகாரம். மீட்டரை ஏமாற்றுவது, கம்பியில் கொக்கி போடுவது எல்லாம் அங்கே வரும். 126 வேறு. மீட்டர் ஒழுங்காக ஓடுகிறது, பணமும் கட்டப்படுகிறது, ஆனால் எந்தக் காரியத்துக்கு இணைப்பு கொடுத்தார்களோ அந்தக் காரியத்துக்கு இல்லாமல் வேறொன்றுக்குப் பயன்படுகிறது. வீட்டு இணைப்பில் பட்டறை என்றால் இதுதான். இதற்குத் தண்டனை பணம் மட்டுமே: பொருந்துகிற கட்டணத்தின் இரு மடங்கு. எப்போதிருந்து நடக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால், ஆய்வு நடந்த நாளுக்கு முந்தைய பன்னிரண்டு மாதம். அந்த ஒரு வருடக் கணக்கு அங்கிருந்துதான் வந்தது.

அப்பாவிடம் சொன்னேன். "அப்போ திருட்டு இல்ல" என்றார். கொஞ்சம் நிம்மதி. அடுத்த நிமிடமே, "கட்டிடலாம் கண்ணு. இந்த வயசுல ஆபீஸ் ஆபீஸா ஏற முடியாது. அந்தப் பையன்கிட்ட அப்புறம் வாங்கிக்கலாம்."

எங்கள் வீட்டில் உண்மையான சண்டை இந்த இடத்தில்தான் நடந்தது. ஏனென்றால் அதே பிரிவில் ஒரு சின்ன உட்பிரிவு உண்டு: தற்காலிக உத்தரவு கிடைத்தவர் அந்த மதிப்பீட்டை ஏற்றுக்கொண்டு ஏழு நாளுக்குள் பணத்தைக் கட்டலாம். படிக்கச் சலுகை போல இருக்கும். ஏற்றுக்கொண்டு என்பதுதான் அதில் கனமான பகுதி. கட்டினால், ஆமாம், பட்டறை நடத்தியது நான்தான் என்று ஒரு ஓய்வு பெற்ற வாத்தியார் எழுதிக் கொடுத்தது போல் ஆகிவிடும். கொடுத்த பணத்தை அப்புறம் அந்தத் தம்பியிடம் எந்த அடிப்படையில் கேட்பது? "நீங்கதானே கட்டுனீங்க" என்று யாராவது சொன்னால்? கௌரவத்துக்காகக் கட்டுவது என்று நம் ஆட்கள் செய்கிற காரியம் பல சமயம் கௌரவத்தை எழுத்துபூர்வமாக விட்டுக்கொடுப்பதாகத்தான் முடிகிறது. அப்பாவிடம் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. "கட்டினா ஒத்துக்கிட்டதா அர்த்தம்பா" என்றேன். கையெழுத்தின் மதிப்பு தெரிந்தவர். பேசாமல் எழுந்து மாடிக்குப் போய்விட்டார்.

ஆளுக்கு ஆள் வழி சொன்னார்கள். நாலு ரோட்டில் தட்டுவடை செட் சாப்பிடும்போதுகூட ஒருவர் யோசனை சொன்னார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவை தப்பான வாசலுக்குப் போகிற வழிகள். இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நோட்டீஸ் வந்த பலர் இங்கேதான் நாட்களை இழக்கிறார்கள்.

முதல் யோசனை, மின் நுகர்வோர் குறைதீர் மன்றம். மின்சாரச் சட்டத்தின் 42ஆம் பிரிவின்படி அமைந்தது, ஒவ்வொரு மின் பகிர்மான வட்டத்திலும் இருக்கிறது. மீட்டர் தவறாக ஓடுகிறது, ரீடிங் எடுக்காமல் போட்டார்கள், பெயர் மாற்றம் தாமதம் என்பதற்கெல்லாம் அது சரியான இடம். அங்கே திருப்தி இல்லாவிட்டால் சென்னையில் மின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். ஆனால் 126இன் கீழ் வந்த மதிப்பீட்டை அந்த மன்றம் எடுத்துக்கொள்ளாது. விதியிலேயே விலக்கி வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, நுகர்வோர் நீதிமன்றம். அதுவும் இல்லை. 2013இல் உத்தரப் பிரதேச மின் கழகத்துக்கும் அனிஸ் அகமது என்பவருக்கும் நடந்த வழக்கில், 126இன் கீழான மதிப்பீட்டை எதிர்த்து நுகர்வோர் மன்றத்துக்குப் போக முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மூன்றாவது, தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி ஆய்வறிக்கையைக் கேட்கலாம். கேட்கலாம், பதில் தர முப்பது நாள் அவகாசம். தற்காலிக உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்து இறுதி உத்தரவு போட வேண்டிய கெடுவும் அதே முப்பது நாள். தகவல் வந்து சேரும்போது விசாரணை முடிந்திருக்கும்.

மிச்சம் இருப்பது நேர்வழிதான். உத்தரவு போட்ட அதே அதிகாரியிடம் ஆட்சேபணை எழுதிக் கொடுப்பது. அவர் நேரில் பேச வாய்ப்பு தந்து, அதன் பிறகுதான் இறுதி உத்தரவு போட வேண்டும். அதிலும் தோற்றால் மேல்முறையீடு உண்டு, ஆனால் மதிப்பிட்ட தொகையில் பாதியை முதலில் கட்டிவிட்டுத்தான் உள்ளே போக முடியும். ஆக, பணம் கட்டாமல் பேசுவதற்குச் சட்டம் தருகிற இடம் அந்த ஒரு விசாரணை. அதைக் கோட்டை விடக்கூடாது.

கடிதம் எழுத உட்கார்ந்தபோது என் கையில் முதலில் வந்த வரி, "என் தந்தை அந்த வீட்டில் வசிக்கவில்லை." அடித்துவிட்டேன். வசிக்கவில்லை என்றால் என்ன, வாடகைக்கு விட்டுப் பட்டறை வைக்கச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சேலத்தில் பாதிப் பட்டறைகள் வாடகை வீட்டில்தானே இருக்கின்றன. நான் அங்கே இல்லை என்பது பதிலாகாது. ஆய்வு நடந்த தேதியில் அங்கே இருந்தது யார், அந்த மின்சாரத்தால் பலன் அடைந்தது யார் என்று காட்டினால்தான் பதில்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை, அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. முறையற்றுப் பயன்படுத்துகிறவர், அல்லது அந்தப் பயன்பாட்டால் பலன் அடைந்த வேறு நபர் செலுத்த வேண்டிய தொகையை மதிப்பிட வேண்டும் என்கிறது முதல் உட்பிரிவு. அந்த உத்தரவை இடத்தின் அனுபோகத்தில் இருப்பவரிடம், வசம் வைத்திருப்பவரிடம், அல்லது பொறுப்பில் இருப்பவரிடம் சேர்க்க வேண்டும் என்கிறது இரண்டாவது. இணைப்பு யார் பேரில் இருக்கிறது என்ற பேச்சே அந்த வரிகளில் இல்லை. சட்டம் எழுதியவர்கள் அந்தச் சந்தில் இருக்கிற எங்கள் பழைய வீட்டைப் பார்த்துவிட்டு எழுதினார்களோ என்று தோன்றியது.

இங்கே ஒரு நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். சாதாரண பில் பாக்கியாக இருந்திருந்தால் அலுவலகத்தின் பக்கத்தில் கொஞ்சம் பலம் உண்டு. ஒப்பந்தம் பதிவேட்டில் இருப்பவரோடுதான். விற்றவர் சொல்லாவிட்டால், வாங்கியவரும் சொல்லாவிட்டால், அவர்களுக்கு எப்படித் தெரியும்? இதன் மறுபக்கமும் நடக்கிறது: பழைய சொந்தக்காரர் வைத்துவிட்டுப் போன பாக்கியைப் புதிதாக வாங்கியவரிடம் கேட்கலாமா என்ற சண்டை பல வருடம் நடந்து, 2023 மே மாதம் கேரள மின்வாரியம் சம்பந்தப்பட்ட கே.சி. நைனான் வழக்கில், விதிமுறை இடம் கொடுத்தால் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீடு வாங்குகிறவர்கள் வில்லங்கம் பார்ப்பதைப் போல மின் பாக்கியையும் பார்க்க வேண்டும் என்பதற்கு அந்தத் தீர்ப்பு போதும்.

சரி, ஆதாரம். எங்களிடம் இருந்ததைவிட மற்ற அலுவலகங்களிடம் இருந்ததுதான் பயன்பட்டது. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று எடுத்தேன். அதில் 2019 கிரயம் தேதியோடு, ஆவண எண்ணோடு இருந்தது. மாநகராட்சியின் சொத்து வரி ரசீதில் 2020 முதல் வாங்கியவர் பெயர்தான். அதாவது பதிவுத்துறைக்குத் தெரியும், மாநகராட்சிக்குத் தெரியும், மின் அலுவலகத்துக்கு மட்டும் வீடு இன்னும் வாத்தியாருடையது. மூன்றும் ஒரே அரசாங்கம் என்று நாம்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவர்கள் அப்படி நினைப்பதில்லை.

ஆனால் விஷயத்தைத் திருப்பியது வேறொன்று. 2022 நவம்பரில் மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொல்லி ஊரே வரிசையில் நின்றது நினைவிருக்கும். அப்போது குடியிருப்பவரே தன் ஆதாரை இணைக்கலாம் என்று இருந்தது. நான் வீட்டை வாங்கிய கொலுசுத் தம்பியை அழைத்து, "அந்த வீட்டு நம்பருக்கு யார் ஆதார் குடுத்தீங்க?" என்று கேட்டேன். "என்னோடதுதாங்க்கா. இல்லாட்டி நூறு யூனிட் போயிடும்னு சொன்னாங்களே." இணைத்ததற்கு வந்த குறுஞ்செய்தியை அவர் அழிக்காமல் வைத்திருந்தார். ஆக, பெயர் மாறவில்லை என்பது சரி, ஆனால் அங்கே இருப்பது இன்னார் என்று அலுவலகத்தின் சொந்தக் கணினிக்கே ஒன்றரை வருடமாகத் தெரியும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 100 யூனிட் இலவசமும் அவருக்குத்தான் போயிருக்கிறது.

ஆட்சேபணையை ஒன்றரைப் பக்கத்துக்குள் முடித்தேன். வேதனை, மன உளைச்சல், நேர்மையான ஆசிரியர் என்று எதுவும் எழுதவில்லை. அப்பாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம், நாற்பது வருட சர்வீஸைப் பற்றி ஒரு வரியாவது இருக்கலாமே என்று. தேதிவாரியாக நான்கு பத்தி. கடைசியில் இரண்டு கோரிக்கை: ஆய்வின்போது அங்கே கண்டதை எழுதிய மகஜரின் நகல் வேண்டும், உத்தரவை உரியவர் பெயருக்கு மாற்ற வேண்டும். இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய், ஒன்றில் தேதி முத்திரை வாங்கினேன். தபால் பிரிவில் இருந்தவர், "கொடுத்துட்டுப் போங்கம்மா, பாத்துக்கலாம்" என்றார். முத்திரை விழும் வரை அங்கேயே நின்றேன்.

நடுவில் ஒரு கூத்து நடந்தது. இறுதி உத்தரவு வராத நிலையில், அழகாபுரம் வீட்டு பில்லைக் கட்டலாம் என்று ஆப்பைத் திறந்தால் வழக்கமான தொகையோடு அந்த 43,000 சொச்சமும் சேர்ந்து நின்றது. எந்த விதியின்படி பழைய வீட்டுத் தொகையை இந்த வீட்டில் ஏற்றினீர்கள் என்று போனில் கேட்டால், "சிஸ்டத்துல வந்துருச்சுங்க மேடம்" என்றார்கள். மழை வந்தது, வெயில் வந்தது என்பதுபோல. ஆப் பகுதித் தொகையை ஏற்கவில்லை. கவுன்டரிலும் மொத்தமாகத்தான் கட்ட முடியும் என்றார்கள். கட்டாவிட்டால் கெடு முடிந்ததும் பீஸைப் பிடுங்கிவிடுவார்கள். அப்பாவுக்கு இரவில் சுவாசக் கருவி வைக்க வேண்டிய உடம்பு, கரண்ட் போவது எங்கள் வீட்டில் விளையாட்டு இல்லை.

இதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. 56ஆம் பிரிவின் முதல் உட்பிரிவிலேயே ஒரு விலக்கு. தொகையில் தகராறு இருக்கும்போது, கேட்ட தொகையையோ, முந்தைய ஆறு மாதம் கட்டியதன் சராசரியையோ, எது குறைவோ அதை எதிர்ப்புத் தெரிவித்துக் கட்டினால், தகராறு தீரும் வரை இணைப்பைத் துண்டிக்கக்கூடாது. இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் எத்தனையோ பேர் பயத்தில் கட்டியதைக் கட்டியிருக்க மாட்டார்கள். ஆறு மாத ரசீதை எடுத்துக் கூட்டி, சராசரி போட்டு, "எதிர்ப்புடன் செலுத்தப்படுகிறது" என்ற கடிதத்தோடு உதவிப் பொறியாளரைப் பார்த்தேன். அவர் பிரிவை ஒருமுறைக்கு இருமுறை படித்தார். கவுன்டருக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டுக்கு முன்னால் சிஸ்டம் பணிந்தது.

விசாரணை நாளன்று ஊரில் ஆடிப் பண்டிகைக் கூட்டம். கோட்டை மாரியம்மன் பக்கம் போக முடியாமல் சுற்றிக்கொண்டு போனோம். அப்பா வெள்ளை வேட்டி சட்டையில், விசாரணைக்கு வந்தவர் போல இல்லாமல் விசாரிக்க வந்தவர் போல உட்கார்ந்திருந்தார். உதவிச் செயற்பொறியாளர் மரியாதையான மனிதர். ஆனால் முதல் வாக்கியம் நான் எதிர்பார்த்ததுதான்.

"எங்க லெட்ஜர்ல பேர் மாறலையே. மாறாத வரைக்கும் சார்தான் கன்ஸ்யூமர்."

"கன்ஸ்யூமர் யாருன்னு இந்த செக்‌ஷன் கேக்கலைங்க சார். யூஸ் பண்ணது யாருன்னுதான் கேக்குது," என்றேன். முதல் இரண்டு உட்பிரிவையும் அடிக்கோடிட்டுத் தந்தேன். பிறகு மகஜரைக் கேட்டேன்.

கோப்பிலிருந்து எடுத்தார். ஆய்வுக்கு வந்தவர்கள் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தார்கள். முன்னறையில் கம்பி இழுக்கும் மெஷின், பாலீஷ் மோட்டார், எத்தனை பேர் வேலையில் இருந்தார்கள், எல்லாம். கீழே, இடத்தின் பொறுப்பில் இருந்தவர் என்ற இடத்தில் கொலுசுத் தம்பியின் பெயர், கையெழுத்து, கைபேசி எண். அதிகாரி அதைப் பார்த்தார், நோட்டீஸைப் பார்த்தார். ஒரே கோப்புக்குள் ஒரு தாளில் ஒருவர் பெயர், அடுத்த தாளில் இன்னொருவர் பெயர். நேரில் பார்த்துவிட்டு வந்தவர்கள் சரியாகச் செய்திருக்கிறார்கள். உட்கார்ந்த இடத்தில் நோட்டீஸ் தயாரித்தவர் கணினியில் வந்த பெயரை அப்படியே இறக்கியிருக்கிறார். சதி இல்லை, விரோதம் இல்லை. அரசு அலுவலகத்துத் தப்புகளில் முக்கால்வாசி இப்படித்தான் பிறக்கின்றன என்பது என் எண்ணம். அதனால்தான் சத்தம் போட்டால் ஒன்றும் நடப்பதில்லை. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க ஒரு ஆள் வேண்டும்.

அப்பா அதுவரை வாய் திறக்கவில்லை. கிளம்பும்போது மட்டும், "தப்பா எழுதின பேரை அடிச்சிட்டு சரியா எழுதினா போதும் தம்பி, எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்றார். அதிகாரி எழுந்து நின்றார்.

உத்தரவு கெடுவுக்குள் வந்தது. அப்பா பெயரில் போட்ட மதிப்பீடு திரும்பப் பெறப்பட்டது. அழகாபுரம் இணைப்பில் ஏற்றிய தொகை அடுத்த பில்லில் காணாமல் போனது. வருத்தம் தெரிவிக்கிற வரி எதுவும் இல்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஆனால் கதையில் இன்னொருவர் இருக்கிறாரே. எங்களிடமிருந்து கழன்ற நோட்டீஸ் நேராக அவர் வாசலுக்குப் போயிற்று. கூலிக்கு வேலை செய்கிறவருக்கு 43,000 சின்னத் தொகை இல்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இருந்தது, ஆனாலும் பட்டறை நடத்தியதற்கான பணத்தை அவர் கட்டட்டும், நடத்தாததற்கு எதற்கு என்று தோன்றியது. நோட்டீஸில் போட்டிருந்தது வணிகக் கட்டணம், அதாவது கடைக்குப் போடுவது. அவர் கடை வைக்கவில்லை. குடிசைத் தொழிலுக்கும் குறுந்தொழிலுக்கும் தனிக் கட்டணப் பிரிவு இருக்கிறது, வணிகத்தைவிடக் குறைவு. இரு மடங்கு என்பது எந்தக் கட்டணத்தின் இரு மடங்கு என்பதில்தான் பணமே இருக்கிறது.

இதில் சேலத்துக்கென்று ஒரு வேடிக்கை உண்டு. கைத்தறி நெசவாளர் வீட்டில் தறி இருந்தால் அது வீட்டுக் கட்டணத்துக்குள்ளேயே அடங்கும். விசைத்தறிக்குத் தனிப் பிரிவு. இரண்டுக்கும் 2006இலிருந்து இலவச யூனிட் உண்டு, 2023இல் கைத்தறிக்கு 300, விசைத்தறிக்கு 1000 என்று கூட்டினார்கள். அம்மாப்பேட்டையில் தறி ஓட்டுகிறவருக்கு இருக்கிற இந்த ஏற்பாடு, ஒரு மைல் தள்ளி அதே மாதிரி முன்னறையில் கொலுசு செய்கிறவருக்கு இல்லை. இரண்டும் இந்த ஊரின் தொழில்தான். தறிக்காரர்கள் சங்கமாகக் கேட்டார்கள், கிடைத்தது. பட்டறைக்காரர்கள் பேர் மாற்றக்கூடப் பயந்து கடிதத்தை பீரோவில் வைக்கிறார்கள்.

தம்பிக்கு ஆட்சேபணைக் கடிதம் நானே எழுதிக் கொடுத்தேன். அவர் விசாரணைக்கு அவரே போய்ப் பேசினார். குறுந்தொழில் கட்டணத்தில் கணக்கிட்டுத் தொகையைக் குறைத்தார்கள், மிச்சத்தைத் தவணையில் கட்டுகிறார். பட்டறைக்குத் தனி இணைப்பு கேட்டு விண்ணப்பித்திருக்கிறார்.

பெயர் மாற்றமும் ஆயிற்று. ஐந்து வருடப் பழைய சம்மதக் கடிதம் செல்லுமா என்று அவருக்குச் சந்தேகம், அப்பா புதிதாக ஒன்று எழுதிக் கொடுத்தார். சம்மதக் கடிதம் கிடைக்காவிட்டால்கூட வாங்கியவர் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம், ஆகவே விற்றவர் ஊரில் இல்லை என்பதெல்லாம் சாக்குதான். எங்கள் தாத்தா காலத்தில் கட்டிய வைப்புத்தொகையை என்ன செய்வது என்று கேட்டார்கள். அப்பா அதை வாங்கியவர் பெயருக்கே விட்டுக்கொடுத்தார். பெயர் மாறிய தகவல் வந்த அன்று தம்பி ஒரு ஜோடி கொலுசோடு வீட்டுக்கு வந்தார், என் மகளுக்கு. அப்பா அதை வாங்கிக் கையில் நிறுத்துப் பார்த்துவிட்டு, கூலியும் வெள்ளி விலையும் எவ்வளவு என்று கேட்டு, பேரம் பேசாமல் எண்ணிக் கொடுத்தார். ரசீதும் கேட்டார். தம்பியிடம் ரசீதுப் புத்தகம் இல்லை, ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.